நிகர எடை

செம்பனை ஆலையின் எடைமேடையில்
எனக்குப் பதினொரு வருட வேலை.
லாரி ஏறும். எண் அசையாமல் நிற்கும்வரை பொறுப்பேன்.
குலைகளைக் கொட்டிவிட்டு வெறும் வண்டி திரும்பி ஏறும்.
முதலிலிருந்து இரண்டாவதைக் கழித்தால்
நிகர எடை.
வெள்ளைச் சீட்டு ஆலைக்கு, மஞ்சள் தோட்டத்துக்கு,
இளஞ்சிவப்பு டிரைவருக்கு.

அன்று வெள்ளி. நாலே முக்கால்.
கைப்பேசியில் நாற்பத்தொரு நொடிக் குரல்,
யாரோ ஒருவன், மூச்சிரைக்க:
சூராவ் பக்கம் நம்ம லாரிய மறிச்சிட்டானுங்க,
டிரைவர இழுத்துப் போட்டு அடிச்சே கொன்னுட்டானுங்க,
ராத்திரிக்குக் கோயிலுக்கு வரானுங்களாம்,
ஆம்பளையா பொறந்தவன்லாம் வா.

ஆம்பளையாய்ப் பிறக்காத நான்
அதை மூன்று புலனக் குழுக்களுக்கு அனுப்பினேன்.
முழுதும் கேட்கவில்லை.
பதினேழாம் நொடியிலேயே
கட்டைவிரல் முந்திக்கொண்டது.

பின்னாலேயே படம். நசுங்கிய சைக்கிள்,
லாரியின் பின்பக்கம், எண் பலகை.
அந்த எண்ணை எனக்குத் தெரியும்.
வெறும் எடை ஏழாயிரத்து அறுநூற்று இருபது.
குணாளனின் வண்டி.
மூன்று ஐம்பத்திரண்டுக்கு என் மேடையில் ஏறியது.

கொட்டும் இடத்தில் சங்கிலி அறுந்து
ஏழு லாரிகள் நின்ற வரிசையில்
தன் வண்டி நிழலில் அட்டை விரித்துக் கிடந்தான்.
செத்துப்போனவன்
காலை உதறி எறும்பை விரட்டினான்.

எழுப்பினேன். சைக்கிள் என்றதும் கை நடுங்கியது.
"சந்துலேர்ந்து வந்தான்கா. மிதிச்சிட்டேன் பிரேக்க.
சைக்கிள் மேலதான் ஏறுச்சு, பையன் மேல இல்ல.
அவங்க அம்மாகிட்ட நம்பர் குடுத்துட்டுதான் வந்தேன்."

கொதிகலன் கூடத்து ஜுல்கிப்லி தன் கைப்பேசியை நீட்டினார்.
அதே படம். அதே எண். மலாயில்:
பிள்ளை இறந்துவிட்டதாம். டிரைவர் குடித்திருந்தானாம்,
சிரித்துக்கொண்டே போனானாம்.
இன்றிரவு தோட்டத்து வீடுகளுக்கு.
நீ அனுப்பினாயா என்று அவர் கேட்கவில்லை.
நானும் அவரைக் கேட்கவில்லை.

பையனின் அம்மா நோர்மாலா
மூன்றாம் அழைப்பில் எடுத்தாள்.
தோள்பட்டை எலும்பு. எக்ஸ்ரே வரிசையில் நிற்கிறோம்.
யார் செத்தது?

அவர் சூராவுக்குப் போனார்.
நான் பாதி நிரம்பிய இளஞ்சிவப்புச் சீட்டைக் கிழித்துக்கொண்டு
குணாளனைப் பின்னால் ஏற்றிக் கோயிலுக்குப் போனேன்.
அங்கே அறுபது பேர். குலை வெட்டும் அரிவாள்கள்,
கழியிலிருந்து கழற்றியவை.

உயிரோடு நிற்பவனை மேலும் கீழும் பார்த்து
ஒருவன் கேட்டான்:
"இவன்தான் அவன்னு என்னா நிச்சயம்?"

நான்தான் அனுப்பினேன், பொய் என்றேன்.
என் குரல் எனக்கே எட்டவில்லை.
திரும்பச் சொன்னேன்.
குணாளன் சீட்டைத் தூக்கிப் பிடித்தான்,
ஏதோ பரிசுச் சீட்டு போல.
கொஞ்சம் பேர் கலைந்தார்கள். மழையும் வந்தது.
மழைக்குத்தான் கலைந்தார்களோ என்னவோ.

விடிந்தபோது
நம்பிராஜனின் முடிதிருத்தும் கடைக்குக் கண்ணாடி இல்லை.
பாக் டின்னின் சாத்தே வண்டி
சாலையோரம் கரிக்கட்டை.
யார் என்று இரு பக்கமும் யாருக்கும் தெரியவில்லையாம்.

மூன்று குழுக்களிலும் அழித்தேன்.
அழித்த இடத்தில் என் பெயர் நிற்கிறது,
கீழே ஒரு வரி: இச்செய்தி நீக்கப்பட்டது.
என்ன செய்தி என்று எவரும் கேட்கவில்லை.
எல்லாரிடமும் இருந்தது.

பத்து நாள் கழித்து
ஜொகூரிலிருந்து என் சித்தி மகள் அனுப்பினாள்.
அதே குரல். அதே மூச்சிரைப்பு.
கீழே எழுதியிருந்த ஊர் மட்டும் வேறு.

எண் நிற்கும்வரை பொறுத்தேன்.
முப்பத்தெட்டாம் நொடியில் மூச்சிரைப்பு
குழாயை மூடியது போல் நிற்கிறது.
அப்புறம் ஒரு மின்விசிறி.
தட்டு வைக்கும் சத்தம்.
தூரத்தில் ஒரு பெண்:
"சோறு ஆறுது, வாங்களேன்."